பிடித்த பிரேக் ஏன் விடுவதில்லை: நெடுநாள் நின்ற காருக்கு ஓர் எளிய விளக்கம்

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முந்திய வாரத்தில் யாழ்ப்பாணத்து வளவுகள் பலவற்றில் ஒரே வேலை நடப்பதைக் காணலாம். கனடாவிலிருந்தோ பிரான்சிலிருந்தோ வந்திறங்கியவர்கள், ஏறத்தாழ ஓராண்டாகக் கொட்டிலுக்குள் நின்ற காரின் உறையைக் கழற்றி, தூசு துடைத்து, புதிய பற்றரியைப் பூட்டி, எஞ்சினை இயக்கிப் பார்க்கிறார்கள். எஞ்சின் பெரும்பாலும் இயங்கிவிடுகிறது. ஆனால் கியரைப் போட்டுக் கிளச்சை விட்டால் கார் நகர மறுக்கிறது, அல்லது பெரும் சத்தத்துடன் ஒருமுறை குலுங்கிய பின்னரே நகர்கிறது. வேறு சில கார்கள் எந்தச் சத்தமும் இன்றிப் புறப்பட்டு, சாவகச்சேரியைத் தாண்டும்போது ஒரு சில்லிலிருந்து கருகல் மணத்தைக் கிளப்புகின்றன. எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே: பிடித்த பிரேக் விடவில்லை.

பிரேக் பிடிக்கவில்லை என்றால் எல்லோரும் அஞ்சுகிறார்கள். விடவில்லை என்றால், "கொஞ்சத் தூரம் ஓடினால் சரியாகிவிடும்" என்று சொல்லி ஓட்டுகிறார்கள். இந்த எண்ணம் ஆபத்தானது. விடாத பிரேக் ஓயாமல் உரசிக்கொண்டிருக்கும். உரசினால் வெப்பம் ஏறும். வெப்பம் மிகுந்தால் பிரேக் ஒயில் கொதித்து அதனுள் ஆவிக் குமிழிகள் உண்டாகும். குமிழிகள் நசுங்கக் கூடியவை என்பதால் மிதித்த பெடல் அடி வரை இறங்கும், கார் நிற்காது. விடாத பிரேக்கே சற்று நேரத்தில் பிடிக்காத பிரேக்காக மாறுவதனாலேயே இதனைச் சிறிய கோளாறு என்று ஒதுக்கிவிட முடியாது.

இதைப் புரிந்துகொள்ள ஒரேயொரு கருத்தை மனத்தில் இருத்தினால் போதும். பிரேக் பிடிக்கும்போது செயற்படும் விசை மிகப் பெரியது. அது விடும்போது செயற்படும் விசை மிகச் சிறியது. நாம் பெடலை மிதிக்கும்போது, காலின் விசையை முதலில் பெடலின் நெம்புகோல் பெருக்குகிறது, அடுத்து எஞ்சினின் வெற்றிட உதவியுடன் பூஸ்டர் பெருக்குகிறது, பின்னர் குழாய்களில் உள்ள ஒயில் அதனைச் சில்லுகளுக்குக் கொண்டுசெல்கிறது. 50 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு பிஸ்டனின் பின்னால் 70 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்) அழுத்தம் இருந்தால், அது பிரேக் பாட் எனப்படும் உராய்வுத் தகட்டைச் சில்லோடு சுழலும் டிஸ்க்கின் மீது அழுத்தும் விசை ஏறக்குறைய 1,400 கிலோகிராம் எடைக்குச் சமமாகும். அந்த விசைக்குக் கறளும் தடையல்ல, காய்ந்த கிரீஸும் தடையல்ல. காலை எடுத்தவுடன் அதே பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது எது? அதனைச் சுற்றியிருக்கும் ஒரு றப்பர் வளையத்தின் நெகிழ்ச்சி மட்டுமே. போகும்போது ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட தள்ளல், திரும்பும்போது ஒரு றப்பர் வளையத்தின் இழுவை. ஆகவே கறளோ அழுக்கோ சிறிதளவு சேர்ந்தாலும், பிரேக் நன்றாகப் பிடிக்கும், ஆனால் திரும்பி வராது. நாம் தேட வேண்டியதெல்லாம் அந்தத் திரும்பும் பாதை எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது என்பதைத்தான்.

அந்தப் பாதையைக் காண்பதற்குப் பிரேக்கின் அமைப்பைச் சிறிது அறிய வேண்டும். இன்று நம் வீதிகளில் ஓடும் சிறிய ஜப்பானிய, இந்தியக் கார்களில் முன் சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக்கும் பின் சில்லுகளுக்கு ட்ரம் பிரேக்கும் இருப்பதே வழக்கம். டிஸ்க் பிரேக்கில், சில்லோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டை இரண்டு பாட்கள் இருபுறமும் கவ்வுகின்றன. அவற்றைத் தாங்கும் வளைந்த உறுப்பைக் கலிப்பர் என்கிறோம். பெரும்பாலான சிறிய கார்களின் கலிப்பரில் உட்புறத்தில் மட்டுமே பிஸ்டன் இருக்கும். அது உட்பாட்டைத் தள்ள, அதன் எதிர்விசையால் கலிப்பர் முழுவதும் இரண்டு வழுக்கு ஊசிகளின் மீது நகர்ந்து வெளிப்பாட்டை இழுத்துக்கொண்டு வரும். காலை எடுத்ததும், பிஸ்டன் நகர்ந்தபோது சற்றுச் சரிந்து நின்ற சதுர வெட்டுமுக றப்பர் வளையம் தன் பழைய வடிவத்துக்கு மீளும். அப்படி மீளும்போது பிஸ்டனையும் ஒரு மில்லிமீற்றரின் சிறு பின்னம் அளவுக்குப் பின்னிழுக்கும். அந்தச் சிறு இடைவெளியே சில்லுக்கு விடுதலை. கலிப்பரையோ வெளிப்பாட்டையோ திருப்பி இழுக்கப் பெரும்பாலான கார்களில் தனியாக எதுவும் கிடையாது. சுழலும் டிஸ்க் தானே அதனை மெல்லத் தள்ளி ஒதுக்குகிறது. வழுக்கு ஊசி விரலால் தள்ளினாலே நகருமளவுக்கு இலகுவாக இருந்தால்தான் இது நடக்கும்.

ட்ரம் பிரேக் ஒரு மூடிய சட்டி போன்றது. அதனுள் பிறை வடிவிலுள்ள இரண்டு லைனர்கள் உண்டு. சில்லுச் சிலிண்டரிலுள்ள பிஸ்டன்கள் அவற்றை வெளிப்புறமாகத் தள்ள, அவை சட்டியின் உட்சுவரை அழுத்துகின்றன. காலை எடுத்ததும் ஸ்பிரிங்குகள் அவற்றை உள்ளிழுக்கின்றன. ஸ்பிரிங் இருப்பதனால் இது டிஸ்க்கைவிட நன்றாக விடும் என்று தோன்றலாம். ஆனால் உள்ளே புகுந்த நீரும் தூசும் வெளியேற வழியில்லாமையும், ஹாண்ட்பிரேக் பெரும்பாலும் இந்த லைனர்களையே பிடிப்பதும் சேர்ந்து அந்த நன்மையை அழித்துவிடுகின்றன. மழையில் ஓடி வந்த காரை ஹாண்ட்பிரேக் இழுத்து நிறுத்தினால், ஈரமான லைனர் ஈரமான இரும்போடு அழுத்தப்பட்டபடியே நிற்கும். இரண்டுக்கும் நடுவில் கறள் வளர்ந்து, ஒட்டுப்பசை போல அவற்றைப் பிணைத்துவிடும். ஓரிரவில் பிடிக்கும் மெல்லிய கறள் கார் நகர்ந்தவுடன் உடைந்துபோகும். ஆறு மாதம் நின்று பிடித்தது எளிதில் உடையாது.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கோளாறு அதிகமாகக் காணப்படுவதற்கு எங்கள் நிலமும் காற்றும் பெரும் காரணம். குடாநாட்டைச் சுற்றிக் கடல், நடுவே கடல்நீரேரி. உப்புக் காற்று எட்டாத ஊர் இங்கே அரிது. பண்ணைத் தாம்போதி வழியாகத் தீவுப்பகுதிக்குப் போய்வரும் காரின் அடிப்பகுதியில் படியும் உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் இயல்புடையது; மழை பெய்யாத நாளிலும் இரும்பு நனைந்தபடியே இருக்கும். கரையோர ஊர்களிலும் தீவுகளிலும் பல கிணறுகளின் நீர் உவர். அந்த நீரால் காரைக் கழுவி நிறுத்தினால், கழுவாமல் விடுவதைவிடக் கேடு அதிகம். வருடத்து மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை வட கீழ்ப் பருவக்காற்றோடு கொட்டித் தீர்க்கும்போது, ஒழுங்கைகளில் முழங்காலளவு நீர் தேங்குவதும் நாம் அறிந்ததே. இவற்றோடு, மண் தரையில் காரை நிறுத்தி நிலம் வரை பிளாஸ்ரிக் உறையால் மூடிவிடுகிறோம். நிலத்திலிருந்து எழும் ஈரம் அதனுள் அடைபட்டுப்போகிறது. மேலே பெயின்ற் பளபளப்பாக இருக்கும் அந்தக் காரின் கீழே பிரேக் மெல்ல மெல்ல இறுகிக்கொண்டிருக்கும்.

நின்றிருப்பதனால் கெடும் இன்னொன்று பிரேக் ஒயில். நாம் வழக்கமாகப் பாவிக்கும் டொட் 3, டொட் 4 வகைகள் காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக்கொள்பவை. புதிய டொட் 3 குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது நியமம், 3.7 சதவீதம் நீர் சேர்ந்த பின் அந்த எல்லை 140 பாகையாகக் குறைகிறது. டொட் 4 இற்கு இவை முறையே 230, 155 பாகைகள். நீர் சேர்ந்த ஒயில் கொதிநிலையில் தாழ்வதோடு நிற்காமல், பிஸ்டனையும் சிலிண்டரின் உட்சுவரையும் உள்ளிருந்தே கறள் பிடிக்கச் செய்கிறது. காரை ஓட்டியது 500 கிலோமீற்றர்தான் என்றாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரேக் ஒயிலை மாற்ற வேண்டும் என்பது இதனாலேயே. இந்த ஒயிலுக்கு ஓடிய தூரம் ஒரு கணக்கல்ல, கழிந்த காலமே கணக்கு.

இனிக் கண்டறிதலுக்கு வருவோம். மலைநாட்டில் ஒரு சரிவில் காரை உருளவிட்டுப் பிரேக் இழுக்கிறதா என்று பார்க்கலாம். குடாநாட்டில் அப்படிப்பட்ட சரிவுகள் இல்லை. ஆகவே சீமெந்துத் தரையில் கியரை நியூட்ரலில் வைத்து, ஹாண்ட்பிரேக்கை இறக்கி, கையால் தள்ளிப் பார்ப்பதே நமக்கு ஏற்ற முதற் சோதனை. ஒரு சிறிய காரை வலுவுள்ள ஒருவர் தனியே தள்ள முடிய வேண்டும். முடியாவிட்டால், ரயர்களில் காற்றுச் சரியாக இருக்கும் நிலையில், ஏதோ ஒரு சில்லு இறுகியிருக்கிறது என்று கொள்ளலாம்.

கார் நகர்கிறது, ஆனால் ஐயம் இருக்கிறது என்றால், நெரிசலற்ற வீதியில் நாலைந்து கிலோமீற்றர் ஓட்ட வேண்டும். இயன்றவரை பிரேக்கை மிதிக்காமல் ஓட்டி, இறுதியில் வேகத்தைத் தானாகக் குறையவிட்டு நிறுத்த வேண்டும். பின்னர் ஒவ்வொரு சில்லின் அருகிலும் கையைக் கொண்டுபோய் வெப்பத்தை உணர்ந்து பாருங்கள். டிஸ்க்கை ஒருபோதும் தொடக் கூடாது. இறுகிய பிரேக்கின் டிஸ்க் தோலை உடனே பொசுக்கிவிடும். தொடாமல் வெப்பம் அளக்கும் கருவி கையில் இருந்தால் இன்னும் நல்லது. முன் சில்லையும் பின் சில்லையும் ஒப்பிடுவதில் பயனில்லை, அவை இயல்பாகவே வேறுபடும். முன் இடதை முன் வலதோடும், பின் இடதைப் பின் வலதோடும் ஒப்பிட வேண்டும். ஒன்று வெதுவெதுப்பாகவும் மற்றது அனலாகவும் இருந்தால் கோளாறுள்ள சில்லு அதுவே. ஓடும்போது கார் ஒரு பக்கம் இழுப்பது, ஒரு றிம்மில் மட்டும் கருந்தூள் அதிகமாகப் படிவது, பெற்றோல் வழமையைவிட விரைவாக முடிவது ஆகியனவும் துணைச் சான்றுகள்.

சில்லு தெரிந்தது, அந்தச் சில்லில் எது என்பதே அடுத்த கேள்வி. இந்த இடத்தில் என் பெரியப்பாவின் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வெளிநாட்டில் இருக்க, பராமரிப்பு என் பொறுப்பில் இருந்தது. முன் இடது சில்லு சுடுவதைக் கண்டு ஒரு கராச்சுக்குக் கொண்டுபோனேன். முதலில் பாட்களை மாற்றினார்கள், சூடு நீங்கவில்லை. அடுத்துக் கலிப்பரையே மாற்றினார்கள். இரண்டு கிழமை நன்றாக ஓடி, மீண்டும் சுட்டது. செலவழிந்த காசைவிட, எவரும் ஏன் என்று கேட்காமலே பொருட்களை மாற்றிக்கொண்டு போனதுதான் என்னை வருத்தியது. பின்னர் கொக்குவிலில் தம் வீட்டு முற்றத்திலேயே வேலை செய்துவந்த முதியவர் ஒருவரிடம் போனேன். ஏ9 பாதை மூடப்பட்டும், உதிரிப்பாகங்கள் குடாநாட்டுக்குள் வரத் தடுக்கப்பட்டும் இருந்த 1990களில் தொழில் செய்தவர் அவர். மாற்றுவதற்குப் பொருள் இல்லாத காலத்தில், எது பழுது என்று உறுதியாக அறிந்த பின்பே கழற்றுவார்கள். அவர் எனக்குக் காட்டியதைத்தான் கீழே தருகிறேன். அதற்குப் பின் இன்று வரை எனக்கு அது பிழைத்ததில்லை.

முதலில் காரைச் சமதரையில் நிறுத்தி, தரையில் நிற்கப்போகும் சில்லுகளுக்கு இருபுறமும் கட்டை வைத்து, சோதிக்கும் சில்லை ஜக்கால் உயர்த்தி, உடலின் அடியில் உறுதியான தாங்கியை வைக்க வேண்டும். ஜக்கை மட்டும் நம்பிக் காரின் கீழே உடலின் எந்தப் பகுதியையும் கொண்டுபோகக் கூடாது. செங்கல்லும் சீமெந்துக் கல்லும் பாரத்தில் திடீரென நொறுங்கிவிடுவதால் அவற்றையும் தாங்கியாக வைக்கக் கூடாது. கியர் நியூட்ரலில் இருக்கட்டும். சில்லைக் கையால் சுற்றிப் பாருங்கள். டிஸ்க் சில்லில் மெல்லிய உரசல் ஒலி கேட்பது இயல்பு. கை நோகத் திருப்ப வேண்டியிருந்தால் அது இயல்பல்ல. அடுத்து ஒருவரை உள்ளே இருத்தி, பெடலை இறுக்கமாக மிதித்து விடச் சொல்லுங்கள். விட்ட மறுகணமே சில்லைச் சுற்றுங்கள். உடனே சுற்றினால் நன்று. ஐந்தாறு விநாடி சென்று மெல்ல மெல்லத் தளர்ந்தால், ஒயில் திரும்பும் வழியில் தடை உண்டு என்று ஐயுறலாம். எவ்வளவு நேரமானாலும் தளராவிட்டால் இரண்டில் ஒன்று: ஒயில் அழுத்தம் உள்ளே அடைபட்டிருக்கிறது, அல்லது இரும்பு உறுப்பு ஏதோ இறுகிவிட்டது.

இந்த இரண்டையும் பிரித்தறியும் முறை எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது. ஒயில், பெடலை மிதிக்கும்போது அதனை அழுத்தி அனுப்பும் மாஸ்ரர் சிலிண்டரிலிருந்து உலோகக் குழாய் வழியே வந்து, சில்லின் அருகே வளையக்கூடிய றப்பர் ஹோசுக்குள் புகுந்து, கலிப்பரை அடைகிறது. சில்லு இறுகியிருக்கும் நிலையிலேயே, உலோகக் குழாயும் ஹோசும் சேருமிடத்திலுள்ள நட்டைச் சிறிது தளர்த்த வேண்டும். சில்லு உடனே விட்டால், தடை அதற்கு மேலே, அதாவது மாஸ்ரர் சிலிண்டரிலோ பெடலிலோ இருக்கிறது. விடாவிட்டால் அந்த நட்டை இறுக்கிவிட்டு, கலிப்பரிலுள்ள காற்றெடுக்கும் நிப்பிளைத் தளர்த்த வேண்டும். இப்போது ஒயில் பீறிட்டுச் சில்லு விட்டால், அழுத்தம் ஹோசுக்கும் கலிப்பருக்கும் நடுவே சிறைப்பட்டிருந்தது, ஹோஸ்தான் குற்றவாளி. நிப்பிளைத் திறந்தும் விடாவிட்டால், ஒயிலில் குற்றமில்லை. பிஸ்டன், ஊசி, பாட் ஆகியவற்றில் ஒன்று இறுகியிருக்கிறது. மேலேயிருந்து கீழே என்ற இந்த ஒழுங்கு முக்கியம். நிப்பிளை முதலில் திறந்துவிட்டால் அழுத்தம் முழுவதும் போய்விடும், அதன் பின் மேலே எதையும் சோதிக்க முடியாது.

பெரியப்பாவின் காரில் மேல் நட்டைத் தளர்த்தியபோது சில்லு அசையவில்லை. நிப்பிளைத் தளர்த்தியதும் விரலால் தட்டினாலே சுழன்றது. பழைய ஹோஸ் வெளியே புதிது போலத்தான் இருந்தது. அதனை அந்த முதியவர் நீளவாட்டில் வெட்டிக் காட்டினார். உள் றப்பர் ஊதி, துளை ஊசி நுழையும் அளவாகச் சுருங்கியிருந்தது. பெடலின் பேரழுத்தம் அந்தத் துளையூடாக ஒயிலைத் தள்ளிவிடும். றப்பர் வளையத்தின் சிற்றிழுவையால் அதனைத் திருப்பி அனுப்ப முடியாது. முன்பு சொன்ன பெருவிசை, சிறுவிசைக் கதை அந்தச் சிறிய துண்டுக்குள் முழுவதுமாக இருந்தது. பழுதான ஹோசை மட்டும் மாற்றாமல், ஒரே அச்சின் இரு பக்க ஹோசுகளையும் சேர்த்து மாற்றுவதே முறை.

ஒயில் குழாயைத் திறக்கும் இந்தச் சோதனையைப் புதியவர் தனியே செய்ய வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். கறள் பிடித்த நிப்பிள் முறிந்துவிடலாம். முதல் நாளே கறள் இளக்கும் எண்ணெயை அதன் அடியில் விட்டு, திறந்த வாய்ச் ஸ்பனருக்குப் பதில் வளைய ஸ்பனரைப் பாவித்தால் அந்த ஆபத்து குறையும். திறந்த பின் உள்ளே புகுந்த காற்றை முற்றாக வெளியேற்றும் வரை கார் வீதிக்கு ஏறக் கூடாது. பிரேக் ஒயில் பெயின்றை அரிக்கும், கண்ணில் பட்டால் எரிக்கும். சிந்தினால் உடனே நிறைய நீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

இரும்பு உறுப்புகளின் இறுக்கத்தைத் தீர்ப்பது ஒப்பீட்டளவில் எளிது. கலிப்பரின் கீழ்ப் போல்ட்டைக் கழற்றி அதனை மேலே திருப்பியதும், இரண்டு வழுக்கு ஊசிகளையும் கையால் அசைத்துப் பாருங்கள். நெடுநாள் நின்ற கார்களில் பெரும்பாலும் ஒன்று இலகுவாக ஓடும், மற்றது கல்லாக நிற்கும். உட்பாட் தேய்ந்து வெளிப்பாட் தடிப்பாக இருப்பதோ, ஒரே பாட் ஆப்பு வடிவில் சரிந்து தேய்ந்திருப்பதோ இதன் அடையாளம். ஊசியை உருவி எடுத்து, பழைய கிரீஸைத் துடைத்து, கறளை மெல்லிய அரத்தாளால் நீக்கி, துளையையும் சுத்தம் செய்து, பிரேக்குக்கென விற்கப்படும் சிலிக்கோன் கிரீஸை மெல்லியதாகப் பூசிப் பூட்ட வேண்டும். சாதாரண மஞ்சள் கிரீஸை இங்கே பூசக் கூடாது. அது கனிய எண்ணெயில் ஆனது. பிரேக் றப்பரை ஊதவைத்து, சில மாதங்களில் பழைய நிலையைவிட மோசமாக இறுக்கிவிடும். இதே காரணத்தால், பிரேக் ஒயில் கிடைக்கவில்லை என்று எஞ்சின் ஒயிலை ஊற்றுவது முழுத் தொகுதியிலுமுள்ள றப்பர்களை அழிக்கும் செயலாகும். ஊசியை மூடும் சிறிய றப்பர் உறை கிழிந்திருந்தால் அதனையும் மாற்றுங்கள்; ஈரம் புகுந்த வாசல் அதுதான். பாட்களின் காதுகள் அமரும் இடங்களில் சேர்ந்த கறளையும் சுரண்டி எடுக்க வேண்டும். கலிப்பரை முற்றாகக் கழற்றினால் ஹோசில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவைக்க வேண்டும்.

ஊசிகள் நன்றாக இருந்து பிஸ்டன் நகராவிட்டால் நிலைமை வேறு. இறுக்கியொன்றால் மெதுவாக அழுத்தினால் நல்ல பிஸ்டன் சீராக உள்ளே போகும். போகும்போது மேலேயுள்ள ஒயில் குப்பி நிரம்பி வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில கார்களின் பின் கலிப்பர்களில் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே செலுத்த முடியும். அவற்றைப் பலாத்காரமாக அழுத்தினால் உடைந்துவிடும். பிஸ்டன் திக்கித் திக்கிப் போனால், அதனை உருவி, மேற்பரப்பில் கறள் குழிகள் உள்ளனவா என்று பார்த்து, றப்பர் வளையங்களைப் புதிதாகப் போட வேண்டும். குழி விழுந்திருந்தால் பிஸ்டனும் மாற வேண்டும். இது கைதேர்ந்தவரின் வேலை. டிஸ்க்கின் மேல் தெரியும் மெல்லிய செங்கறளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, சில தடவை பிரேக் பிடித்தாலே அது போய்விடும்.

ட்ரம் ஒட்டியிருந்தால் முதலில் மென்மையான முயற்சிகள். ஹாண்ட்பிரேக்கைப் பத்துப் பதினைந்து தடவை இழுத்து இறக்குங்கள். பெடலை மிதித்து விடுங்கள். முதல் கியரிலும் ரிவேர்ஸிலும் மாறி மாறிக் காரை மெல்ல அசையுங்கள். எஞ்சினை அலறவைத்து இழுப்பது கூடாது. லைனரின் உராய்வுப் பகுதி இரும்பிலிருந்து உரிந்து ட்ரம்மோடு ஒட்டியபடியே வந்துவிடக்கூடும். பெரிய சத்தத்துடன் விடுபட்ட ஒரு காரில் அதன் பின் அரைக்கும் ஒலி கேட்டால், திறந்து பார்க்காமல் ஓட்ட வேண்டாம். மென்மையாக விடாவிட்டால் சில்லைக் கழற்றி, ட்ரம்மின் விளிம்பைச் சுற்றிலும் மரத்துண்டொன்றை வைத்துச் சுத்தியலால் தட்ட வேண்டும். அதிர்வுதான் கறளை உடைக்கிறது, பலமல்ல. பல ஜப்பானியக் கார்களின் ட்ரம்மில் மரையுள்ள இரண்டு சிறிய துளைகள் இருக்கும். அவற்றில் 8 மில்லிமீற்றர் போல்ட்டுகளைப் பூட்டி, மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கினால் ட்ரம் தானே வெளியே வரும். கறள் இளக்கும் எண்ணெயை நடுவிலுள்ள அச்சைச் சுற்றி மட்டும் விடலாம். லைனரில் ஒரு துளி பட்டாலும் அந்த லைனர் பிரேக் பிடிக்கப் பயன்படாது. திறந்ததும் கிளம்பும் தூசியை வாயால் ஊதவோ காற்றால் அடிக்கவோ வேண்டாம். பழைய லைனர்களில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருக்கக்கூடும். அதன் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. ஈரத்துணியால் துடைத்து எடுப்பதே பாதுகாப்பானது.

ட்ரம்மைத் திறந்தபோது லைனர்கள் இலகுவாக அசைந்தால், ஹாண்ட்பிரேக் கேபிளைப் பாருங்கள். உறைக்குள் நீர் புகுந்து கறள் பிடித்த கேபிள் இழுக்கும்போது வரும், விடும்போது போகாது. உள்ளே ஒருவர் கைப்பிடியை இறக்க, பின்னால் நிற்பவர் நெம்புகோல் தன் தொடக்க இடத்துக்கு முற்றாகத் திரும்புகிறதா என்று பார்த்தால் விடை தெரிந்துவிடும். இத்தகைய கேபிளுக்கு எண்ணெய் விடுவது சில நாட்களுக்கே உதவும், மாற்றுவதே தீர்வு.

ஒரு சில்லல்ல, நான்குமே இழுக்கின்றன என்றால் சில்லுகளைக் கழற்றி நேரத்தை வீணாக்க வேண்டாம். பெடலுக்குச் சில மில்லிமீற்றர் வெற்று அசைவு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மாஸ்ரர் சிலிண்டருக்குள் ஒயில் திரும்பும் சிறு துளை மூடப்பட்டே நிற்கும், சூடேறி விரியும் ஒயிலுக்குப் போக இடமிராது. முன் சில்லொன்றும் அதற்கு எதிர்மூலையிலுள்ள பின் சில்லும் மட்டும் இழுத்தால் வியப்படைய வேண்டாம். பல சிறிய கார்களில் ஒயில் வழி அவ்வாறு மூலைக்கு மூலையாகவே பிரிக்கப்பட்டிருக்கிறது. இன்றும் எங்கள் ஊர்களில் ஓடும் மொரிஸ் மைனரில் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடித் தளத்துக்குக் கீழே இருப்பதால், வெள்ள நீரும் சேறும் நேரே அதனைத் தாக்குகின்றன. நான்கு சில்லும் ட்ரம் ஆன அந்தக் காரை வைத்திருப்பவர்கள் மழைக்காலம் முடிந்ததும் அந்த இடத்தை ஒருமுறை பார்ப்பது நல்லது.

ஹைபிரிட் கார்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பிரியஸ், அக்வா போன்றவற்றில் வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கை மோட்டரே செய்வதால், பாட்கள் குறைவாகவே உழைக்கின்றன, கறள் கூடுதலாகச் சேர்கிறது. ஆனால் அவற்றின் பிரேக் பம்ப், கதவைத் திறந்தாலே தானாக அழுத்தத்தை ஏற்றக் கூடியது. கலிப்பரில் விரல் இருக்கும் நேரத்தில் அது நடந்தால் விரல் போய்விடும். உரிய முறையில் அதனைச் செயலிழக்கச் செய்யத் தெரிந்தவரிடமே கொடுங்கள்.

வேலை முடிந்ததும் கார் நகருமுன் பெடலைப் பல தடவை மிதித்து, அது உறுதியாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பாட்களைப் பின்தள்ளிய பின் முதல் மிதியில் பெடல் அடி வரை போவது இயல்பு. அதை மறந்து வீட்டு வாசலிலேயே மதிலில் மோதியவர்கள் உண்டு. பின் ஒழுங்கைக்குள் மெதுவாக ஓட்டி, மீண்டும் அந்த வெப்பச் சோதனையைச் செய்து, சில்லு நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. நடுவே 2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்றோம், பின்னர் கியூஆர் பங்கீட்டில் ஓட்டினோம். அந்த ஆண்டுகளில் எத்தனையோ கார்கள் வளவுகளில் அசையாமல் நின்றன. இருக்கும் காரைக் காப்பாற்றுவது எவ்வளவு பெறுமதியானது என்பதையும் அப்போது கற்றோம். நெடுநாள் நிறுத்தப்போகும் காரை நல்ல நீரால் அடிப்பகுதி வரை கழுவி, சில கிலோமீற்றர் ஓட்டி, இடையிடையே மெல்லப் பிரேக் பிடித்து உலர்த்திய பின்பே கொட்டிலுக்குள் விட வேண்டும். எங்கள் நிலம் சமதரை என்பதால் ஹாண்ட்பிரேக் தேவையே இல்லை. சாதாரணக் கியர்ப் பெட்டியென்றால் முதல் கியரிலும், ஓட்டோ என்றால் பீ நிலையிலும் விட்டு, ஒரு சில்லின் இரு பக்கத்திலும் பனங்குற்றித் துண்டுகளை வைத்தால் போதும். உறை காற்றோட்டமுள்ள துணியாக இருக்கட்டும். மாதம் ஒருமுறை இருபது நிமிடம் ஓட்ட ஆளில்லாவிட்டாலும், வளவுக்குள்ளேயே முன்னும் பின்னும் நகர்த்தி, பெடலை இருபது தடவை மிதித்து விட்டால், பிஸ்டனும் ஊசியும் தாம் போய்வரும் பாதையை மறக்காமல் இருக்கும்.

பெரியம்மா இப்போது ஊரோடு வந்துவிட்டார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஒவ்வொரு பறுவத்தன்றும் (முழுநிலா நாளன்றும்) கோயிலுக்குப் போய்வந்ததும் காரைத் திறந்து, ஆசனத்தில் அமர்ந்து, எண்ணி இருபது முறை பெடலை மிதித்துவிட்டு, பனங்குற்றிகள் இடத்தில் இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்துவிட்டே உள்ளே போகிறார். சென்ற மழைக்காலம் முழுவதும் நின்ற அந்தக் காரைத் தை பிறந்ததும் நான் ஒற்றைக் கையால் தள்ளி வெளியே எடுத்தேன்.